கீமோதெரபியும் உடற்கடிகாரமும்: நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது எப்படி?

கீமோதெரபி மருந்துகள் புற்றணுக்களோடு, வேகமாகப் பிரியும் வாய், குடல், எலும்பு மஜ்ஜை அணுக்களையும் தாக்குகின்றன. உடலின் 24 மணி நேரத் தாளமான உடற்கடிகாரத்தால், இந்த அணுக்கள் பிரியும் வேகமும், மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் செயல்பாடும் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், ஒரே அளவு மருந்து வேறு நேரத்தில் செலுத்தப்படும்போது வேறு அளவில் வருத்தக்கூடும்.

பெருங்குடல் புற்றுநோய் முற்றிய 186 பேரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்து அதிகாலை 4 மணியளவிலும், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து மாலை 4 மணியளவிலும் உச்சம் தொடும்படி பம்ப் மூலம் செலுத்தப்பட்டபோது, கடுமையான வாய்ப்புண் போன்ற சளிச்சவ்வுப் பாதிப்பு 14 விழுக்காட்டினருக்கே வந்தது; ஒரே சீரான வேகத்தில் மருந்து செலுத்தப்பட்டவர்களில் அது 76 விழுக்காடாக இருந்தது. ஆனால் நேரம் பார்த்துச் செலுத்தும் முறையை வழக்கமான முறையோடு ஒப்பிட்டு 564 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. ஆண்களுக்கு நன்மை தெரிந்தது, பெண்களுக்கோ வழக்கமான முறையே மேலாக இருந்தது. ஆகவே, ஒருவருக்குப் பொருந்திய நேரத்தை மற்றவர் அப்படியே பின்பற்றக் கூடாது.

நோயாளி முதலில் செய்யக்கூடியது நாட்குறிப்பு எழுதுவதுதான். மருந்து ஏறத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம், குமட்டல், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், விரல் மரத்துப்போதல் ஆகியவை எந்த நாளில் எந்த மணிக்குத் தொடங்கின என்பதை இரண்டு சிகிச்சைச் சுற்றுகளுக்காவது குறித்து வைத்தால், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட மருத்துவருக்கு அது பல மடங்கு உதவும். அந்தக் குறிப்புடன், "என் மருந்துக்கு நேரம் முக்கியமா? மாற்ற இடமுண்டா?" என்று கேளுங்கள். நேரத்திற்கேற்ப அளவை மாற்றும் பம்ப் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதன்று.

மாத்திரைகளில் கவனம் கூடுதலாகத் தேவை. கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரையைச் சுமார் 12 மணி நேர இடைவெளியில், உணவு உண்டு 30 நிமிடங்களுக்குள் விழுங்க வேண்டும். இந்த இடைவெளியை நீங்களாகவே குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால், அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய மாற்றத்தைப் பலர் கேட்கத் தவறுகிறார்கள்.

உறங்கும், விழிக்கும் நேரங்களைச் சீராக வைத்துக்கொள்வதும், காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் இருப்பதும் உடற்கடிகாரத்திற்கு உதவும். ஆனால் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இரவானாலும் விடியும்வரை காத்திராமல், உடனே மருத்துவமனையை அழையுங்கள்.