கிராமச் சங்கத் தெரிவில் வாக்குச் சண்டை: வன்னியில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் "அவருக்கு வாக்கு இல்லை, இவர் வெளியூர்" என்று சத்தம் கிளம்பினால், அந்தப் பிரச்சினை பெரும்பாலும் அன்றைக்கு முளைத்ததாக இருக்காது. மாதக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத அங்கத்தவர் பதிவேட்டுக்குள் அது கிடந்திருக்கும். கூட்டத்துக்கு முன்பே பதிவேட்டைச் சரிசெய்த ஊர்களில் தெரிவு ஒரு மணித்தியாலத்தில் முடிகிறது. மற்ற ஊர்களில் இரண்டு தலைவர், இரண்டு செயலாளர், முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கு என்று வருடம் ஓடுகிறது.

பதவிக்கு இவ்வளவு போட்டி இருப்பதற்குக் காரணம் உண்டு. வட இலங்கையின் வன்னிப் பகுதியில், 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டுத்திட்டம், கிணறு, வாழ்வாதார உதவி என்று எது வந்தாலும் பயனாளிகள் பட்டியல் பற்றிச் சங்கத்திடம் கேட்பார்கள். உள்வீதி, மதகு, வடிகால் போன்ற சிறு ஒப்பந்த வேலைகளும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் வரும். ஆகவே யாருக்கு வாக்கு என்பது, யார் வீட்டுப் பாதைக்குக் கிரவல் விழும் என்பதையும் தீர்மானிக்கிற கேள்வி.

முதல் தவறு பட்டியல்களைக் குழப்புவது. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி தயாராகும் வாக்காளர் இடாப்பு நாட்டின் தேர்தல்களுக்கானது. கிராம அலுவலரிடம் இருக்கும் குடும்ப விபரம் நிர்வாகத்துக்கானது. சங்கத்தில் வாக்களிக்கும் உரிமை சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டிலிருந்து மட்டும் வருகிறது. "இடாப்பில் பெயர் இருக்கிறது, ஏன் எனக்கு வாக்கு இல்லை?" என்று ஒருவர் கேட்டால், அவர் எப்போது விண்ணப்பித்தார், எப்போது சேர்க்கப்பட்டார், சந்தா எதுவரை கட்டியிருக்கிறார் என்று பதிவேட்டைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிவேடு எப்படி இருக்க வேண்டும்? ஒரு வரிக்கு ஒருவர். அங்கத்துவ இலக்கம், முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, சேர்ந்த திகதி, அவரைச் சேர்த்த கூட்டத்தின் திகதி, கடைசியாகச் சந்தா கட்டிய பற்றுச்சீட்டு இலக்கம், கையொப்பம். பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கமிட்ட கட்டுப் புத்தகம்தான் வேண்டும். தனித்தாள் கோவை வேண்டாம், தாள் மாறினால் யாருக்கும் தெரியாது. ஒருவர் இறந்தால், ஊரை விட்டுப் போனால், பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டி, காரணமும் திகதியும் எழுதி, தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வெள்ளை மை பூசிய ஒரு வரி போதும், முழுப் பதிவேட்டின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் வாக்களிக்கத் தகுதியானோர் பட்டியலைப் பொதுநோக்கு மண்டபச் சுவரிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டுங்கள். ஒட்டும் பிரதியில் அடையாள அட்டை இலக்கம் வேண்டாம். பெயரும் அங்கத்துவ இலக்கமும் போதும். ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் கொடுத்து, எழுத்தில் வாங்கி, நிர்வாக சபை முடிவெடுத்துத் திருத்திய பட்டியலை மறுபடி ஒட்டுங்கள். சங்கத்தின் யாப்பு, அதாவது அதன் எழுத்து விதிகள், வேறு காலக்கெடு சொன்னால் அதுவே செல்லும்.

கூட்ட வாசலில் சந்தா வாங்கி வாக்குக் கொடுப்பதுதான் நாங்கள் காணும் மிக மோசமான பழக்கம். ஒரு தரப்பு வாகனத்தில் ஆட்களை ஏற்றி வந்து, நிலுவையை ஒரே ஆள் மொத்தமாகக் கட்டிவிடும். பணம் கட்டியாயிற்று என்பதால் செயலாளராலும் மறுக்க முடியாது. இதைத் தடுக்கச் சந்தாவுக்குக் கடைசித் திகதி ஒன்றை முன்னைய பொதுக்கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். அன்று காலையில் நிர்வாக சபை தானாகப் போடும் திகதியை யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் தேவையில்லை.

அடுத்தது "குடும்பத்துக்கு ஒரு வாக்கு". நிவாரணமும் வீட்டுத்திட்டமும் குடும்பக் கணக்கில் வந்ததால் இந்த எண்ணம் வன்னியில் ஊறிப்போயிருக்கிறது. யாப்பு அங்கத்துவத்தைத் தனிநபருக்குக் கொடுத்திருந்தால் ஒரே வீட்டில் மூன்று அங்கத்தவர்களுக்கு மூன்று வாக்கு. குடும்ப வாக்கு என்று வைத்தால் அடிபடுவது யார் என்று பாருங்கள்: கணவன் வேலிக்கரையில் நின்று கதைக்க, சிரமதானத்துக்கும் கூட்டத்துக்கும் தவறாமல் வந்த மனைவிக்கு வாக்கில்லை. பெற்றோரின் காணிக்குள் தனி அடுப்பு வைத்திருக்கும் உப குடும்பத்துக்கு வாக்கில்லை. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பின்னும் பதிவுகளில் அவர் பெயரே முதலில் நிற்கும் வீடுகளில், அந்தப் பெண் "குடும்பத் தலைவர் வரட்டும்" என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம். பதிவேட்டில் அவருடைய பெயர் இருந்தால் வாக்கு அவருடையது.

காணி உறுதியை வைத்து வாக்கைத் தீர்மானிப்பதும் இதே வகைத் தவறுதான். 1958, 1977, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றிடம் இன்றும் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லை. ஆனால் அவர்கள் பல பத்தாண்டுகளாக அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். மறுபக்கம், உறுதியை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ வசிப்பவர் பொங்கலுக்கு வந்து வாக்குக் கேட்கிறார். யாப்பு "வதிவாளர்" என்று சொன்னால் முதலாமவர் உள்ளே, இரண்டாமவர் வெளியே. எத்தனை மாதம் வசித்தால் வதிவாளர் என்று யாப்பில் இல்லையென்றால், யாப்புத் திருத்தத்துக்கு உரிய முறைப்படி, தெரிவு இல்லாத வேறொரு பொதுக்கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போட்டியாளர்களின் முகம் தெரிந்த பிறகு எழுதும் விதி எவருக்கும் நியாயமாகப் படாது.

கமக்காரர் அமைப்பு வேறு கணக்கு. அது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே பார்க்க வேண்டியது யார் பயிர் செய்கிறார் என்பதை. குத்தகைக்குச் செய்பவரை விட்டுவிட்டு வயல் சொந்தக்காரரை மட்டும் கூப்பிட்டால், இரணைமடு போன்ற குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) ஏக்கர் பங்கு பிரிக்கும்போது சேற்றில் நிற்பவரின் குரல் கூட்டத்தில் இருக்காது. கமநல சேவை நிலையத்தில் விவசாயக் காணிப் பதிவேடு இருக்கிறது. குத்தகைக்காரர் தன் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று போகம் தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

அறிவித்தலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் முதல்நாள் இரவு போடும் செய்தி அறிவித்தல் ஆகாது. திகதி, நேரம், இடம், நிகழ்ச்சிநிரல், "புதிய நிர்வாகத் தெரிவு" என்ற வரி, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலபோக (மாரி நெற்செய்கை) அறுவடை நாட்களையும் ஞாயிறு பூசை நேரத்தையும் தவிருங்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வர வேண்டுமானால் வேலைநாள் காலை பத்து மணி வேண்டாம்.

கூட்டம் தொடங்கியதும் கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை) எண்ணுவார்கள், வருகைக் கையெழுத்தை வைத்து. பாதிப்பேர் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே நிற்பார்கள். வாக்கெடுப்புக்குச் சற்று முன் தலைகளை மறுபடி எண்ணி, அந்த எண்ணைக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். பழைய நிர்வாகம் கலைந்ததும், போட்டியிடாத ஒருவர் தற்காலிகத் தலைவராக இருந்து தெரிவை நடத்த வேண்டும். கிராம அலுவலரும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரும் மேற்பார்வைக்கு வருபவர்கள். அந்தச் சங்கத்தில் அங்கத்தவராக இல்லாவிட்டால் அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆளைக் காட்டிப் "இவரைப் போடுங்கோ" என்று சொல்லும் உரிமையும் இல்லை. ஊரவர் இதை மரியாதையாகவே சொல்லலாம்: "ஐயா, நீங்கள் பாருங்கோ, தெரிவை நாங்கள் செய்யிறம்."

முன்மொழிபவர், வழிமொழிபவர், போட்டியாளரின் சம்மதம் மூன்றும் பதிவாகட்டும். கை உயர்த்துவதா, சீட்டா என்று யாப்பு சொல்லாவிட்டால் சீட்டையே கேளுங்கள். கடன் கொடுத்தவர் முன்னால் கை உயர்த்துவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. சங்க முத்திரை குத்திய சீட்டு, பட்டியலில் பெயர் அடையாளமிட்டபின் ஒருவருக்கு ஒன்று. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் நின்று எண்ண வேண்டும். கொடுத்த சீட்டு 64 என்றால், இருவருக்கும் விழுந்தவையும் செல்லாதவையும் சேர்ந்து 64 வர வேண்டும். கூடினால் அந்தப் பதவிக்கு மறுபடி வாக்கெடுப்பு. குறைந்தால், குறைவு வெற்றி வித்தியாசத்தை எட்டுகிறதா என்று பார்த்துக் கூட்டமே முடிவெடுக்கட்டும். போட்டி நடந்த இடத்தில் "ஏகமனதாகத் தெரிவு" என்று எழுதுவது பொய். பின்னாளில் முறைப்பாடு போகும்போது அந்த ஒரு சொல்லே கூட்டறிக்கையைக் கவிழ்க்கும்.

தெரிவில் பிழை என்றால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள். பிறகு பிரதேச செயலகத்தின் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு முறைப்பாடு, பிரதேச செயலாளருக்கும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் பிரதி. எந்த யாப்பு வாசகம், எந்த நேரத்தில், எத்தனை வாக்கால் மீறப்பட்டது என்று எழுதுங்கள். ஆட்களின் குணத்தைப் பற்றி எழுதினால் கோவை அங்கேயே தூங்கும். சங்கம் செயலகத்துக்குக் கொடுத்த யாப்பும் கூட்டறிக்கையும் கைக்குக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

கைமாற்றத்தை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். காசோலைப் புத்தகம், வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள், முத்திரை, கதிரைகள், நீர்ப்பம்பி எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதி இரு பொருளாளரும் ஒப்பமிட வேண்டும். கையொப்ப மாற்றத்துக்கு வங்கி பொதுவாகக் கூட்டறிக்கைப் பிரதியும் உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்கும். அதுவரை பழைய கையொப்பங்களே நடப்பில் இருக்கும் என்பதால், தெரிவு நடந்த கிழமையிலேயே மீதியையும் திகதியையும் குறிப்பிட்டு வங்கி முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வாருங்கள்.