மாலையில் நம்ம ஊர் டீம், ராத்திரியில் இங்கிலாந்து கிளப்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்களில் ஆர்சனலா லிவர்பூலா என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். வடசென்னை வியாசர்பாடிப் பையன்கள் இந்த வாரம் எங்கே ஆடுகிறார்கள் என்று கேட்டால் முழிப்போம். இதற்காக இரண்டில் ஒன்றைக் கைகழுவ வேண்டியதில்லை. பெரிய கிளப் கேட்பது தூக்கத்தை மட்டும்தான், உள்ளூர் டீமுக்கு ஆளே நேரில் வரவேண்டும். அதனால் காலண்டரில் உள்ளூர் ஆட்டத்தை முதலில் குறித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில் மற்றது தானாகப் பொருந்தும்.

முதலில் நேரக் கணக்கு. இங்கிலாந்துக் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இந்த வித்தியாசம் மாறும். அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம், குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணியான நம்ம ஊர் சென்னையின் எஃப்சி ஆட்டம் இரவு 7.30க்கு என்றால் இரண்டும் மோதும். அங்கே மாலை 5.30க்குத் தொடங்குவது நமக்கு 11 மணி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்திலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டே உட்காரலாம். ஐரோப்பியக் கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பெரும்பாலும் பின்னிரவு 1.30. மறுநாள் வேலை இருந்தால் காலையில் மறு ஒளிபரப்பு பாருங்கள். ஆனால் படுக்கும் முன் வாட்ஸ்அப் குரூப்களை மியூட் செய்யாவிட்டால் பல் தேய்க்கும்போதே ஸ்கோர் தெரிந்துவிடும்.

நேரு ஸ்டேடியம் ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால்தான். சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம், பைக்கை நிறுத்த இடம் தேடி அலைவதைவிட அது மேல். மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் முன்வரிசை டிக்கெட் ஏமாற்றும்: ஆட்டம் தூரத்தில் நடக்கும், கண்ணும் தாழ்வாக இருக்கும், எதிர்ப்பக்க ஓரத்தில் ஓடும் விங்கரின் கால் தெரியாது. பாதிக்கு மேல் உள்ள வரிசைகளில் உட்காருங்கள். 2015, 2017-18 என இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற அணிக்கு நீலச் சட்டை போடாமல் போனாலும் யாரும் துரத்த மாட்டார்கள்.

உண்மையான உள்ளூர் ருசி சென்னை கால்பந்து சங்கத்தின் லீக்கில் இருக்கிறது. போஸ்டர், விளம்பரம் எதுவும் கண்ணில் படாது. அட்டவணை கிடைக்கச் சிறந்த வழி, அதில் ஆடும் ஒரு பையனையோ கோச்சையோ தெரிந்துவைத்துக்கொள்வது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்தால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் ஆட்டம் தள்ளிப்போகும், அதை வாசலில் போய்த் தெரிந்துகொள்வது கொடுமை.

டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நேரில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். பெனால்டி ஏரியா கோட்டுக்கு நேராக உட்கார்ந்து, முதல் கால் மணி நேரம் டிஃபென்ஸ் (தடுப்பாட்டக்காரர்கள்) வரிசையை மட்டும் பாருங்கள். நாலு பேரும் ஒன்றாக ஏறுகிறார்களா, ஒருவன் பின்தங்கி, எதிரணியை ஆஃப்சைடில் (தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) சிக்கவைப்பதைக் கெடுக்கிறானா என்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும். 60 நிமிடத்துக்கு மேல் சென்னை வெயில் வேலையைக் காட்டும்: மிட்ஃபீல்டர்கள் பின்னால் இறங்கி வரத் திணறுவார்கள், அவர்களுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே ஓட்டை விழும், கோலும் அந்த வழியாகத்தான் வரும். வியாசர்பாடியிலிருந்து சென்னையின் எஃப்சி வரை போன தனபால் கணேஷ் போல, இங்கே பார்த்த முகத்தை நாளை டிவியிலும் பார்க்கலாம்.

தெரு டீமுக்கு உதவ ஆசையா? பெரிய கிளப்பின் ஒரிஜினல் ஜெர்சி வாங்கும் காசில் ஐந்தாம் நம்பர் (பெரியவர்கள் ஆடும் அளவு) பந்தும் ஒரு பம்பும் தாராளமாக வந்துவிடும். காற்றடிக்கும் முன் ஊசியை ஈரமாக்கச் சொல்லுங்கள். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழியலாம், பந்து சொத்தையாகிவிடும். ஆட்ட நாளில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, கொஞ்சம் ஐஸ். கணுக்கால் பிசகினால் ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். வலி பரவாயில்லை என்று பையன் அடம்பிடித்தாலும் அன்றைக்கு மறுபடி இறக்காதீர்கள்.