கிளை அலுவலகத்தின் பழைய ரூட்டருக்கு மாற்று: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கிருஷ்ணகிரிக்கு அருகே மாங்கூழ் ஆலை ஒன்றின் கிளை அலுவலகத்தில், பீரோவின் மேல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரை மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது. பில்லிங் மென்பொருள் அங்குள்ள சர்வரில் விபிஎன் (இணையத்தின் மேல் இரு அலுவலகங்களையும் இணைக்கும் குறியாக்கப்பட்ட தனிப்பாதை) வழியாக ஓடுகிறது. இந்த நிலையில் கடைக்குப் போவது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

முதல் படி: பழைய ரூட்டரைப் படித்தல்

சிஸ்கோ ரூட்டராக இருந்தால், கன்சோல் கேபிளை (ரூட்டருக்கு நேரடியாகக் கட்டளையிட உதவும் கேபிள்) மடிக்கணினியில் இணைத்து, வேகத்தை 9600 என்று வைத்து உள்நுழைந்து, ‘ஷோ வெர்ஷன்’, ‘ஷோ ரன்னிங் கான்ஃபிக்’ ஆகிய இரு கட்டளைகள் தரும் விடைகளை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். விபிஎன் அமைப்பு, நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி), கைரேகை வருகைப்பதிவுக் கருவிக்காக யாரோ எப்போதோ வெளியிலிருந்து அணுகத் திறந்துவிட்டு மறந்த போர்ட் எண் என எல்லாம் அதில் இருக்கும். அந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் ஒரே ஆவணம் பெரும்பாலும் அதுதான். அதில் கடவுச்சொற்களும் இருக்கும் என்பதால் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

கேபிள் மாட்டும் போர்ட்டுகளின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 2004-இல் வந்த சிஸ்கோ 1841-இல் உள்ள இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகம் கொண்டவை. அதன் பின்னால் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பைக் கொண்டுவந்து மாட்டினாலும் 100-ஐத் தாண்டி எதுவும் வராது.

இரண்டாம் படி: சுமையை அளத்தல்

டிசம்பரில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் மே, ஜூன் மாதங்களில் எடைமேடைச் சீட்டு, கொள்முதல் பில், லாரி வாடகைக் கணக்கு ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடும். அந்த வாரங்களில் ரூட்டரின் சிபியு (செயலி) சுமை எவ்வளவு ஏறுகிறது என்பதை ‘ஷோ பிராசஸஸ் சிபியு ஹிஸ்டரி’ கட்டளையில் பாருங்கள். பதிவேற்ற வேகத்தையும் மறக்கக் கூடாது. எட்டு சிசிடிவி கேமராக்களைத் தலைமை அலுவலகத்தில் நேரலையாகப் பார்க்கிறார்கள் என்றால், கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வீதம் 32 எம்பிபிஎஸ் அதற்கே போய்விடும்.

மூன்றாம் படி: விவரத்தாளில் சரியான எண்ணைத் தேடுதல்

தொடக்கநிலையாளர் அதிகம் சறுக்கும் இடம் இது. நானும் சறுக்கியிருக்கிறேன்: கிகாபிட் போர்ட் என்ற ஒரே சொல்லை நம்பி வாங்கிய ரூட்டர், விபிஎன் குறியாக்கத்தை இயக்கியதும் 200 எம்பிபிஎஸ் இணைப்பில் 70-ஐக்கூட எட்டவில்லை.

ஆலை வாசலில் நுழைவுச்சீட்டு எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். வருவது பத்து டன் லாரியானாலும் இரண்டு கூடை ஏற்றிய மொபெட் ஆனாலும், சீட்டு எழுத அவருக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்தே பயணிக்கிறது; ரூட்டரும் பாக்கெட்டுக்கு ஒரு சீட்டு எழுதுகிறது. 1 கிகாபிட் வேகத்தை 1518 பைட் அளவுள்ள பெரிய ஃபிரேம்களால் (ஈதர்நெட்டில் பாக்கெட்டைச் சுமந்து செல்லும் உறைகள்) நிரப்பினால் நொடிக்குச் சுமார் 81,000 சீட்டுகள் போதும். 64 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் சுமார் 14.88 லட்சம் சீட்டுகள் வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் லாரிகளை மட்டும் எண்ணியதாக இருக்கும். ஆகவே, சிறிதும் பெரிதுமான பாக்கெட்டுகள் கலந்த ‘ஐமிக்ஸ்’ எனப்படும் கலப்பு அளவில் ஐபிசெக் (விபிஎன்னுக்கான ஒரு குறியாக்க முறை) விபிஎன் இயங்கும்போது கிடைக்கும் வேகம் எவ்வளவு என்ற வரியை மட்டும் தேடுங்கள். அந்த வரியே இல்லாத விவரத்தாளை ஓரமாக வைத்துவிடலாம். உங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ் என்றால், அந்த இடத்தில் 300 இருப்பதையாவது தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

நான்காம் படி: இடமும் இணைப்பும்

கிரானைட் பட்டறைகளுக்குப் பக்கத்தில் அலுவலகம் இருந்தால், பழைய ரூட்டரைத் திறந்தவுடன் அதன் ஃபேனில் மாவு போலப் படிந்திருக்கும் கல்தூளைக் காண்பீர்கள். அங்கே ஃபேன் இல்லாத மாடல் நல்லது. ஆனால் அவற்றில் பலவும் 40 டிகிரி செல்சியஸ் வரைக்குமே உறுதியளிக்கப்பட்டவை என்பதால், மூடிய பீரோவுக்குள் வைக்க முடியாது.

மாற்று இணைப்பாக 4ஜி சிம் போடுவதானால், அதில் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய முகவரி) கிடைக்காது. அதனால் விபிஎன் இணைப்பைக் கிளையிலிருந்தே தொடங்கும்படி அமைக்க வேண்டும். ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வகையாக இருந்தால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட் ஆகும் என்பதையும் குறித்துவையுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் சில இணையதளங்கள் மட்டும் திறக்காமல் அடம்பிடிக்கும்.

ஐந்தாம் படி: ஆதரவும் பதிவேடும்

பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும், உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி கணினி அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால், ரூட்டர் தன் பதிவுகளை வேறொரு சர்வருக்கு அனுப்பக்கூடியதா என்றும் பாருங்கள்.

ஆறாம் படி: மாற்றும் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். புதிய ரூட்டரை மாட்டியும் இணையம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். சில இணைப்புகள் பழைய ரூட்டரின் மேக் முகவரியோடு (கருவிக்கே உரிய வன்பொருள் அடையாள எண்) பிணைக்கப்பட்டிருக்கும். ஃபைபர் பெட்டியைச் சில நிமிடம் அணைத்து இயக்கியும் வராவிட்டால், சேவை நிறுவனத்திடம் சொல்லி அந்தப் பிணைப்பை நீக்கச் சொல்லுங்கள். பிறகு பெங்களூருவிலிருந்து ஒரு பில்லை உங்கள் அலுவலகப் பிரிண்டருக்கு அனுப்பச் சொல்லி, அது காகிதத்தில் வரும் வரை காத்திருங்கள். பழைய ரூட்டரை உடனே கழித்துவிடாமல், கேபிள்களில் எந்தப் போர்ட் என்று சீட்டு ஒட்டி, குறைந்தது இரண்டு வாரம் அதே பீரோவின் மேல் வைத்திருங்கள்.