செனானிலிருந்து வெள்ளீயம்-100: தாளில் போடும் கணக்கு

கன அயனி மோதலில், அதாவது எடைமிக்க அணுக்கருக்களை வேகமாக மோதவிடும்போது, என்னென்ன துண்டுகள் கிடைக்கும் என்று சொல்லப் பெரிய கணினி நிரல்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடுவதற்கு முன் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரல் தரும் விடையை எங்கே சந்தேகிக்க வேண்டும் என்பது பிடிபடும். 1994-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜிஎஸ்ஐ ஆய்வகம் செனான்-124 கற்றையைப் பெரிலியத்தில் மோதவிட்டு வெள்ளீயம்-100 (50 புரோட்டான், 50 நியூட்ரான்) எடுத்தது. அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: வேகம். நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்குச் சுமார் 1,100 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 89 சதவீதம். இந்த வேகத்தில் இரு கருக்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி மட்டுமே பிய்ந்துபோகும். மீதி, ஏறக்குறைய அதே வேகத்தில் முன்னே போய்விடும்.

படி 2: அளவு. நிறை எண்ணின் (மொத்த நியூக்ளியான் எண்ணிக்கையின்) கனமூலத்தை 1.2-ஆல் பெருக்கினால் ஆரம் ஃபெம்டோமீட்டரில் கிடைக்கும். செனானுக்கு 6, பெரிலியத்துக்கு (நிறை எண் 9) 2.5. மையங்களின் இடைவெளி 8.5-க்குச் சற்றே குறைந்தால் உரசல். நமக்கு வேண்டியது அதுதான்.

படி 3: இழப்பு. எட்டு நியூக்ளியான்கள் பிய்ந்தன என்று வையுங்கள். செனானில் 54 புரோட்டான், 70 நியூட்ரான் என்பதால் சராசரி இழப்பு 3.5-உம் 4.5-உம். நாலுக்கு நாலு என்று கொண்டால் மிஞ்சுவது வெள்ளீயம்-116.

படி 4: சூடு. பிய்ந்த ஒவ்வொன்றுக்கும் மிச்சக் கருவில் சுமார் 27 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிளர்வு ஆற்றல், அதாவது உள்சூடு, தங்குகிறது. எளிய கோட்பாடு 13 என்றுதான் சொல்லும். அளவீடுகள் காட்டியது அதன் இரு மடங்கு. எனவே 8 × 27 = 216.

படி 5: சூடு ஆறுதல். சூடான கரு நியூட்ரான்களை வெளியேற்றி ஆறும். இங்கே அவசரப்படாதீர்கள். வெள்ளீயம்-116-இன் பிணைப்பு ஆற்றல் (கருவை முழுதும் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல்) 989 மெகா எலக்ட்ரான் வோல்ட், வெள்ளீயம்-100-க்கு 825. பதினாறு நியூட்ரான்களைக் கழற்ற 164 போதும். மீதமுள்ள 52-ஐப் பகிர்ந்தால், வெளியேறும் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் மூன்றுக்குச் சற்று மேல் இயக்க ஆற்றல், நியாயமான அளவுதான்.

கணக்கு இவ்வளவு அழகாக நேராகிறதே, பின் ஏன் அந்தச் சோதனையில் ஏழே ஏழு கருக்கள் சிக்கின? தொடக்கத்தில் மின்தடுப்பு (நேர்மின்னூட்டத் துகள் வெளியேறத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) புரோட்டான்களை உள்ளே நிறுத்திவைக்கும். நியூட்ரான்கள் தாராளமாக வெளியேறும். நியூட்ரான் குறையக் குறைய நிலைமை தலைகீழாகிறது: எஞ்சிய நியூட்ரான்களின் பிடி இறுகும், புரோட்டான்களின் பிடி தளரும். வழியில் ஒரே ஒரு புரோட்டானோ ஆல்ஃபாவோ (இரு புரோட்டானும் இரு நியூட்ரானும் சேர்ந்த துகள்) நழுவினாலும் கிடைப்பது வேறு தனிமம். பதினாறு முறையும் நியூட்ரானே வெளியேற வேண்டும். ஆற்றல் கணக்கு அனுமதியை மட்டுமே தருகிறது. எத்தனை கிடைக்கும் என்பதை ஒவ்வொரு படியிலும் எது வெளியேறும் என்ற போட்டிதான் தீர்மானிக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அதே ஆண்டில் பிரான்சின் கானீல் ஆய்வகமும் வெள்ளீயம்-112 கற்றையிலிருந்து இதே கருவை எடுத்தது. அங்கே ஆற்றல் நியூக்ளியானுக்குச் சுமார் 63 மெகா எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அந்த வேகத்தில் கருக்கள் தமக்குள் நியூக்ளியான்களைக் கைமாற்றிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். முதல் படியே பொய்த்துப்போகும். அதற்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.