ஃபோட்டோகார்டு ஆல்பத்தில் ஒட்டுவதும் வளைவதும்: நான் சரிசெய்த விதம்

கே-பாப் (கொரியப் பாப் இசை) பாடகர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளான ஃபோட்டோகார்டுகள் பெரும்பாலும் 55 × 85 மி.மீ. அளவில்தான் வரும். கோப்பில் கோக்கும் ஒன்பது பாக்கெட் பிளாஸ்டிக் தாள்களோ 63 × 88 மி.மீ. விளையாட்டு அட்டைகளுக்காகச் செய்தவை. அதில் அப்படியே செருகினால் கார்டு அங்குமிங்கும் நகர்ந்து மூலை மழுங்கிவிடும். 56 × 87 மி.மீ. உள்ளுறையில் போட்டுச் செருகியதும் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

கார்டு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை. அதை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல வெளியேறி, பளபளப்புப் பூச்சில் படியும். பாலிப்ரொப்பிலீன் (வேறொரு வகைப் பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். புது ஷவர் திரை போல நெடி அடித்தால் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியதை இழுக்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும். உறையை ஓரத்தில் வெட்டித் திறந்து, சிறுகச் சிறுகப் பிரியுங்கள்.

வட்ட வளையக் கோப்பில் முதல் சில தாள்கள் வளையத்தின் மேலேறி வளையும். ஆங்கில ‘D’ வடிவ வளையத்துக்கு மாற்றி, முக்கால்வாசி மட்டும் நிரப்பி, நிமிர்த்தி வைத்தேன்.

கார்டுகளை அடுக்கும் வரிசைக்கு: இசை ஆல்பம், அதன் பதிப்பு, குழு உறுப்பினர். இன்னும் கிடைக்காத கார்டுக்குப் பாக்கெட்டைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் ஒன்று வந்ததும் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்.