ருஷேவிச்சின் ‘ஒத்சலோனி’யைத் தமிழாக்குவது எப்படி

ததேயுஷ் ருஷேவிச் 1921-இல் ரதோம்ஸ்கோவில் பிறந்த போலந்துக் கவிஞர், நாடகாசிரியர். நாஜி ஆக்கிரமிப்பின்போது போலந்தின் தலைமறைவு எதிர்ப்புப் படையான உள்நாட்டுப் படையில் சேர்ந்து காட்டில் போரிட்டார். கவிஞரான அண்ணன் யானுஷை 1944-இல் நாஜி ரகசியக் காவலான கெஸ்டாப்போ கொன்றது. 1947-இல் வந்த ‘நெபோகுய்’ (அமைதியின்மை) தொகுப்பில் இருக்கிற சின்னக் கவிதை ‘ஒத்சலோனி’, அதாவது பிழைத்தவன். சொற்கள் எளிது, பள்ளிப் போலிஷ் போதும். அதனால்தான் பலரும் இதில் தொடங்கிச் சறுக்குகிறார்கள்.

முதலில் பெயர். போலிஷில் கோடு போட்ட ஓ ‘உ’ என்று ஒலிக்கும். எனவே ‘ரோஸ்விட்ச்’ அல்ல, ருஷேவிச்; அழுத்தம் நடு அசையில்.

ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள். ‘ஒத்சலாவெம்’ என்ற ஒரே வினைச்சொல் ஒரு முழு அடி. யார், எப்போது என்பதெல்லாம் விகுதிக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை இரண்டு சொல்லாக உடைக்காமல் வழியில்லை. தமிழில் ‘பிழைத்தேன்’ என்றால் முடிந்தது. ‘நான்’ சேர்த்தால் கெட்டது. விகுதியில் இருக்கும் ஆண்பாலை மட்டும் நம் தன்மை வினை காட்டாது. அது அடுத்த அடியில் திரும்ப வரும்.

தொடக்கத்தின் மூன்று அடிகள்தான் கவிதையின் எலும்பு. வரிசை இது: வயது, பிழைத்தது, கொலைக்கு நடத்தப்பட்டது. தமிழில் வினை கடைசியில் வர வேண்டும் என்ற பழக்கத்தில் ‘கொல்லக் கொண்டுபோகும்போது தப்பினேன்’ என்று ஒரே வாக்கியமாக்கினால் அது சாகசக் கதையாகிவிடும். மூலத்தில் பிழைத்த செய்தி முதலில் விழுகிறது; எதிலிருந்து என்பது பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்படி வைக்கலாம்:

இருபத்து நான்கு வயது எனக்கு
பிழைத்தேன்
கசாப்புக்குக் கொண்டுபோகப்பட்டவன்

‘கொண்டுபோனார்கள்’ என்று எழுதினால் மூலத்தில் இல்லாத ஓர் எழுவாய் நுழைந்துவிடும். வினையாலணையும் பெயர் அதைத் தடுக்கிறது. ‘-வன்’ ஆண்பாலையும் மீட்டுத் தருகிறது. வயதை எண்ணாக எழுதாதீர்கள், மூலத்தில் அது எழுத்தில்தான் இருக்கிறது.

‘ஷெஷ்’ என்ற சொல்லுக்குக் ‘கசாப்பு’ ஏன்? இறைச்சிக்கடைக்காரர், இறைச்சிக்கூடம் ஆகிய போலிஷ் சொற்களும் இதே வேரில் பிறந்தவை. ‘பலி’ என்றால் சாவுக்கு ஒரு புனிதம் ஏறிவிடும். கவிதை மறுப்பதே அந்தப் புனிதத்தைத்தான். விவிலியத்தில் ஏசாயா 53-இல் கொல்லக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியின் நிழல் அடியில் இருக்கிறது. தமிழ் விவிலியத்தின் ‘அடிக்கப்படும்படி’ இங்கே உதவாது. ஆடு பக்கத்தில் இல்லாமல் ‘அடிக்க’ என்றால் உதை என்றுதான் படும்.

தலைப்புக்குத் ‘தப்பியவன்’, ‘பிழைத்தவன்’ இரண்டும் பொருந்தும். தப்பு, பிழை இரண்டிலும் குற்றத்தின் நிழல் உண்டு. போலிஷில் இல்லாத இந்த வரவைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். போலிஷ்ச் சொல்லின் வேரில் இருப்பது ‘முழுசு’: சேதமில்லாமல் வந்தவன். அந்தக் கசப்பு தமிழில் போய்விடும், ஈடு கிடையாது. நம் தேர்வு ‘பிழைத்தவன்’. ‘தப்பியவன்’ ஓடிய கால்களை நினைவூட்டுகிறது.

அடுத்து அகராதிப் பொறிகள். ‘யெட்னோஸ்னாச்னெ’ என்பதற்கு அகராதி ‘ஐயத்துக்கு இடமில்லாத’ என்று தரும். இங்கே அதைப் போட்டால் கவிதை தலைகீழாகிவிடும். மனிதன், விலங்கு, அன்பு, வெறுப்பு எல்லாம் வெற்றுப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்கிறார். ‘ஃபுர்கோனி’ மோட்டார் வேனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, குதிரை இழுக்கும் கூண்டு வண்டியாகவும் இருக்கலாம். அதில் கிடப்பவர்களைப் பற்றிய பெயரெச்சம் விறகு பிளக்கும் வினையிலிருந்து வருகிறது. ‘சிதைந்த’ என்று மென்மையாக்காதீர்கள். ‘வெட்டிப் பிளந்த’ என்றே போடுங்கள். ‘விஸ்தெம்பெக்’ என்பதைப் ‘பாவம்’ ஆக்கினால் கடவுள் உள்ளே வந்துவிடுவார். ஒழுக்கக்கேடு என்பது நெருக்கம்.

வண்டியில் கிடக்கும் அந்த மனிதர்கள் ‘ஸ்பாவியெனி’ ஆக மாட்டார்கள் என்கிறது கவிதை. இது உயிர் பிழைப்பு அல்ல, ஆன்மாவின் மீட்பு. தலைப்பின் சொல்லோடு குழப்பினால் இரண்டுக்கும் உள்ள விரிசல் அழிந்துபோகும். தமிழில் ‘இரட்சிப்பு’ சீர்திருத்தச் சபை வாடை அடிக்கும். போலந்து கத்தோலிக்க நாடு, ஆகவே ‘மீட்பு’.

மனிதனை விலங்கைப்போலக் கொல்வதைச் சொல்லும் அடியில் எழுவாயே கிடையாது. ‘கொல்கிறார்கள்’ என்றால் குற்றவாளி முளைப்பான். ‘கொல்லப்படுகிறான்’ என்றால் செய்தித்தாள். ‘விலங்கைக் கொல்வதுபோலவே மனிதனையும் கொல்வது’ என்று தொழிற்பெயரில் நிறுத்துங்கள். செய்முறை விளக்கம்போல ஒலிக்கும், அதுதான் வேண்டும்.

எதிர்ச்சொல் இணைகள் இரண்டு பட்டியலாக வருகின்றன, தலா நான்கு. இங்கே மோனை தேடுவது பெரிய ஆபத்து. ‘வீரமும் வெட்கமும்’ என்று காதுக்கு இனிமையாகச் செய்தால் பொருளும் தவறு, தொனியும் தவறு. அங்கே இருப்பது கோழைத்தனம். மூலத்தில் காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி பத்தி முடிவில் மட்டும். பத்திக்குள் இருப்பது முக்காற்புள்ளி மட்டும். ‘கண்டேன்:’ என்று இருமுறை வரும் இடத்தில் அதை விடாதீர்கள். பார்த்த சாட்சி வாயைத் திறக்கும் இடம் அது.

முடிவுக்கு முன் ஓர் ஆசானைத் தேடுகிறார், ஒளியை இருளிலிருந்து பிரிக்கட்டும் என்கிறார். ஆதியாகமம் படித்த காது கேட்கும்படி ‘பிரிக்கட்டும்’ என்றே வையுங்கள். பிறகு முதல் மூன்று அடிகள் அப்படியே திரும்புகின்றன. இங்கே எழுத்தும் மாற்றக்கூடாது.

முடித்ததும் உரக்கப் படியுங்கள், கவியரங்கக் குரலில் அல்ல. காவல் நிலையத்தில் வாக்குமூலம் தருபவன் குரலில். அந்தக் குரல் பிடிபடாவிட்டால் 1960-இல் மேடையேறிய அவரது ‘கர்த்தோத்தெகா’ (அட்டைக் கோப்பு) நாடகத்தைப் பாருங்கள். நாயகன் கட்டிலை விட்டு எழ மனமில்லாமல் கிடக்கிறான். எதையாவது செய் என்று முதியோர் கூட்டம் நச்சரிக்கிறது. பிழைத்தவனின் மிச்ச வாழ்க்கை அது.

அச்சிடுவதானால் உரிமை வாங்க வேண்டும். ருஷேவிச் 2014-இல் வ்ரோத்ஸ்வாஃபில் இறந்தார். இந்தியச் சட்டப்படி 2074 முடியும்வரை பதிப்புரிமை உண்டு, போலந்தில் 2084 முடியும்வரை. க்ராக்கோவில் உள்ள போலந்து நூல் நிறுவனம் மொழிபெயர்ப்புக்கு நிதி தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிப்பாளர். ஆகையால் பதிப்பாளரை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.