சிங்கப்பூரில் உறவுக்காரர் வீட்டில் பிறந்தநாள்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

போன ஆனியில் அம்மாவுக்கு 70 வயது நிறைந்தது. சிங்கப்பூரில் தெம்பனிஸில் இருக்கிற தம்பிக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. பேரனைப் பார்த்தும் இரண்டு வருடம் ஆகியிருந்தது. “நீ வர வேணாம்டா, நானே வர்றேன்” என்று அம்மா சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து நானும் அம்மாவும் கிளம்பினோம்.

திரும்பி வந்த பிறகு மூன்று பேர் என்னிடம் விசாரித்துவிட்டார்கள், எப்படிச் செய்தீர்கள் என்று. அதனால் முழுதாக எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள்காரர் விருந்தாளி; ஓடியாடி வேலை பார்க்கப் போவது அந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை அலைக்கழிக்காமல் எப்படிக் கொண்டாடுவது என்பதை யோசித்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் முடிவு செய்தோம்.

படி 1: எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தேதிப் பிறந்தநாள் என்றால் சிக்கல் இல்லை. நட்சத்திரம் பார்க்கிற குடும்பம் என்றால் ஊர்க் காலண்டரைக் கிழித்துக்கொண்டு போய்ப் பயனில்லை. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் அங்கே சூரியன் உதிப்பது வருடம் முழுக்க ஏறக்குறைய காலை 7 மணிக்கு. நம் கணக்கில் அது விடியற்காலை நாலரை.

ஒரு எடுத்துக்காட்டு. நம் ஊர் நேரம் காலை 5.15க்கு நட்சத்திரம் தொடங்குகிறது என்று வையுங்கள். திருச்சியில் சூரியன் உதிக்கும்போது அந்த நட்சத்திரம் வந்துவிட்டது, அன்றைக்கே கும்பிடலாம். சிங்கப்பூரில் அதே நட்சத்திரம் தொடங்குவது 7.45க்கு. அப்போது பொழுது விடிந்து முக்கால் மணி ஆகியிருக்கும். உதயத்தில் இருக்கிற நட்சத்திரத்தைக் கணக்கில் எடுக்கிற வீட்டில் நாள் ஒன்று தள்ளிப்போய்விடும். அங்கேயுள்ள கோயில் குருக்களிடம் கேட்டுவிடுங்கள், அதுதான் சரி.

அம்மாவின் நட்சத்திரம் வியாழக்கிழமையில் வந்தது. அன்றைக்கு விருந்து வைத்தால் தம்பியும் அவன் மனைவியும் லீவு போட வேண்டும். அதனால் நட்சத்திரத்தன்று கோயில், ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று பிரித்துக்கொண்டோம். இதை டிக்கெட் போடுவதற்கு முன்பே தம்பி மனைவியிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன். தம்பியிடம் கேட்டால் “எல்லாம் பாத்துக்கலாங்க்கா” என்பான். சமையலறை யாருடையதோ அவரிடம் கேட்பதுதான் முறை.

படி 2: விசாவும் வருகை அட்டையும்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள உறவினர் சிங்பாஸ் (அந்நாட்டு அரசு கொடுக்கும் மின் அடையாளக் கணக்கு) வழியாக நமக்காக விண்ணப்பிக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் இங்கேயுள்ள அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் போடலாம். கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. ஏஜென்ட் தன் கூலியைத் தனியாக வாங்குவார். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்கிறதா என்று பாருங்கள்.

விசா கையில் வந்தாலும் வருகை அட்டை தனி. போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசே கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிட்டு, குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

வயதானவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். வெளிநாட்டவருக்கு அங்கே மருத்துவமனைச் சலுகை கிடையாது, முழுக் கட்டணம்தான்.

படி 3: பெட்டியைக் கட்டும்போது

அம்மா குருமாப் பொடி அரைத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டி, பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தார். “கசகசா போட்டீங்களாம்மா?” என்று கேட்டேன். “போடாம எப்படி?” என்றார். டப்பாவை வெளியே எடுத்துவிட்டோம். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கணக்கில் வருகிறது. நமக்கு அது குருமாச் சாமான், அவர்களுக்கு அபினிச் செடியின் விதை. முழுசாகவும் வேண்டாம், அரைத்த பொடியிலும் வேண்டாம்.

சூயிங்கம் 1992லிருந்து கொண்டுபோகத் தடை. வேப்பிங் கருவி, மெல்லும் புகையிலை, அது கலந்த பான் மசாலா எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை ஒரு பாக்கெட்டுக்குக்கூடக் கிடையாது. கருவாடு, உப்புக்கண்டம் போன்றவற்றை விட்டுவிடுங்கள். மணப்பாறை முறுக்கும் அதிரசமும் தாராளமாகப் போகும்.

மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, மூன்று மாதத்துக்கு மிகாமல் எடுத்துப்போங்கள். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்பே வாங்க வேண்டியிருக்கும்.

பேரன் பேத்திக்குத் தங்கச் சங்கிலி வாங்கிப் போகிறீர்களா? புதுப் பொருள்களுக்கு ஆளுக்கு 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதற்கு மேலான மதிப்புக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள்.

படி 4: நட்சத்திரத்தன்று கோயில்

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1827இல் தொடங்கியது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. தைப்பூசக் காவடிகள் புறப்படுவது அந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான். அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். அதனால் எங்களுக்கு வேறு யோசனையே வரவில்லை.

அன்று காலை நானும் அம்மாவும் மட்டும் போனோம். வங்கி அட்டையைத் தட்டியே ரயிலிலும் பேருந்திலும் போகலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. பெருமாள் கோயிலுக்கு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கி, பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். நம் ஊர்த் தமிழ்தான், கூச்சமே வேண்டாம்.

திரும்பும் வழியில் ரயிலில் எதிரே ஒரு சின்னப் பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அம்மா பையைத் திறந்து பிரசாத லட்டை எடுத்து நீட்டப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது; 500 வெள்ளி வரை அபராதம். பிறந்தநாள் அன்று இனிப்புக் கொடுக்கக் கூடாதா என்று அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இதை ரயில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 5: விருந்து

சாப்பாட்டு நேரத்தை ஊரிலுள்ளவர்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரவு 9 மணிக்குக் கேக் வெட்டினால் ஊரில் மாலை 6.30, எல்லாரும் வீடியோ அழைப்பில் வந்துவிடுவார்கள். ஆனால் 70 வயதுக்காரர் அதற்குள் களைத்துவிடுவார். நாங்கள் ஞாயிறு மதியம் 12.30க்கு வைத்தோம். ஊரில் அப்போது காலை 10 மணி. பெரியம்மாவும் சித்தப்பாவும் குளித்து முழுகி, நல்ல சேலை வேட்டியோடு திரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பொருள் வாங்கச் சனிக்கிழமை காலையிலேயே லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். தெம்பனிஸிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு மாறாமல் ஒரே ரயில். ஞாயிறு மாலை அங்கே போக வேண்டாம். கட்டுமான வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது, கூட்டம் நெரியும். வாழையிலை, வெற்றிலை, கட்டிய மல்லிகை, கறிவேப்பிலை எல்லாம் தேக்காவில் கிடைக்கும். தேங்காய்ப்பாலை உங்கள் கண் முன்னாலேயே பிழிந்து கொடுப்பார்கள்.

பதினான்கு பேருக்குச் சமைப்பதைத் தம்பி மனைவி தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. சாம்பார், கூட்டு, பொரியல், வடை எல்லாவற்றையும் சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் சொல்லிவிட்டோம். பாயசம் மட்டும் அம்மா. முதலில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னோம், அவர் கேட்கவில்லை. நாற்காலி போட்டு அடுப்பருகே உட்கார்ந்து, பாசிப்பருப்பு குழைகிற பதத்தைக் கரண்டியால் நசுக்கிப் பார்த்து, வெல்லத்தை வடிகட்டி ஊற்றி, தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகே சேர்த்தார். கொதிக்கிறபோது ஊற்றினால் திரிந்துவிடும் என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்தார். பிறந்தநாள்காரருக்கு இப்படி ஒரு வேலை, ஒன்றே ஒன்று, கட்டாயம் கொடுங்கள்.

பணம் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் வாங்க மாட்டார்கள். உணவகத்துக்கு முன்பணம் கட்டும்போது முழுத் தொகையையும் கட்டிவிடுவதுதான் வழி. தேக்காவில் வாங்கியதற்கும் அப்படியே.

முட்டையில்லாத கேக் வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவையுங்கள். வெடி, வாணம் என்ற பேச்சே வேண்டாம், 1972லிருந்து சட்டப்படி தடை. ஜூன் 2018க்குப் பிறகு கட்டிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பிராணி போட்டால் அலறும், சன்னல் ஓரமாகப் போடுங்கள்.

ஆட்கள் அதிகம் என்றால் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளத்தையோ கடற்கரைப் பூங்காவில் இடத்தையோ கேட்கலாம். முன்பதிவு உறவினர் பெயரில்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு வீடே போதுமாக இருந்தது.

படி 6: அண்டை வீட்டார்

சிங்கப்பூரில் பெரும்பாலானவர்கள் இருப்பது வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான். தம்பிக்கு ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் ஒரு சீனப் பாட்டி. இரண்டு வீட்டுக்கும் முதல் நாளே போய் ஒரு தட்டு இனிப்போடு விஷயத்தைச் சொன்னோம். மலாய் வீட்டுக்குக் கொடுப்பதில் மது கலந்த எசன்ஸ் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெய் மைசூர்பாகில் அந்தக் கவலையே இல்லை.

சீனப் பாட்டி மறுநாள் ஒரு சிவப்பு உறை கொண்டுவந்து கொடுத்தார். அதை அங் பாவ் என்பார்கள். இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அவர்கள் எதிரில் பிரிக்கக் கூடாது. கூடவே ஒரு கிண்ணத்தில் நீளமான மெல்லிய நூடுல்ஸ். நூல் நீளமாக இருந்தால் ஆயுளும் நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் நறுக்காமல் சாப்பிட வேண்டும். அம்மா அப்படியே உறிஞ்சிச் சாப்பிட்டார்.

பதிலுக்கு என்ன கொடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் சுவர்க் கடிகாரம் கொடுக்கிற பழக்கம் உண்டு. சீனர்களுக்குக் கடிகாரம் கொடுப்பது சாவை நினைவூட்டும் செயல். பித்தளைக் குங்குமச்சிமிழ் போல எதையாவது கொடுங்கள்.

படி 7: வெளியே ஒரு இடம், ஒன்றே ஒன்று

நாங்கள் போனது கரையோரப் பூந்தோட்டம். பேஃப்ரண்ட் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். பிரம்மாண்டமான செயற்கை மரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் விளக்கும் இசையுமாகக் காட்சி நடக்கும், இலவசம். முதல் காட்சிக்கே போய்விடுங்கள். பெரியவர்கள் ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடலாம். உட்கார இடம் பிடிக்க அரை மணி முன்னால் போங்கள்.

படி 8: ஒரு பழைய சிநேகிதரைத் தேடிப் பிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. செலவும் இல்லை. அம்மாவோடு எட்டாம் வகுப்பு வரை படித்த சிநேகிதி சிங்கப்பூரிலேயே ஈசூன் என்ற பகுதியில் தன் மகள் வீட்டில் இருக்கிறார் என்று உறவுக்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எண் வாங்கிப் பேசி, வெள்ளிக்கிழமை காலை அவர் மகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இப்படி யாராவது உண்டா என்று இப்போதே கேளுங்கள். முகவரி கிடைக்க நாளாகும்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் வட்டமான கல் மேசைகள் போட்டிருப்பார்கள், மேலே சதுரங்கக் கட்டம் பதித்திருக்கும். அங்கேயே சந்திக்க வைத்தோம். இரண்டு பேரும் முதலில் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா எங்கள் அம்மாவின் வலது புருவத்துக்கு மேலே விரலை வைத்து, “இந்தத் தழும்பு இன்னும் இருக்காடி?” என்றார். 70 வயது அம்மாவை வாடி போடி என்று கூப்பிட இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிளாஸ்கில் காபியையும் இரண்டு டம்ளரையும் மேசையில் வைத்துவிட்டு நாங்கள் மேலே வந்துவிட்டோம். இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அம்மா லிஃப்டில் ஏறி வந்தார்.